தொபியாஸ் மூடாமல் போன ஸ்வரம்

ஒரு தெருவின்மேல் ஒரு ஸ்வரம் மாதக்கணக்கில் நின்றது என்று இந்தக் கதையில் வருகிறது. அதை நம்புவதில் எந்தச் சிரமமும் இருந்ததில்லை. பல வருஷமாக உறுத்திக்கொண்டிருப்பது அதைவிடச் சின்ன விஷயம்: ஒரு சாயங்காலத்துக்கும் மறுநாள் காலைக்கும் நடுவில் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பது. கஸ்பார் வாஸ் இதை எப்போது சொன்னாலும் அந்த இடத்துக்கு வரும்போது இருமுவார், அல்லது டீ வந்துவிட்டதா என்று பார்ப்பார், அல்லது போன தடவை சொன்ன வரிசையை மாற்றிச் சொல்லுவார். கேட்டவன்தான் தப்பாகக் கேட்டானோ, ஒருவருடைய துக்கத்துக்குள் போய் முன்பின் தேடுவதே அற்பத்தனமோ என்று யோசித்து யோசித்துத் தள்ளிப்போட்டு, கடைசியில் சந்தேகம் தீராமலே எழுத வேண்டியதாயிற்று.

தூத்துக்குடியில் கடலுக்கு இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கிறது பாய்மரத் தெரு. ஒரு முனையில் ஐஸ் கம்பெனி, மறு முனையில் அந்தோணியார் கோயில், நடுவில் கஸ்பாருடைய சவுண்ட் சர்வீஸ் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் அங்கே மூன்று பேர் கூடுவார்கள். மூவரும் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிடார் வாசிக்கிறவர்கள், ஆளுக்கொரு குழு. மேடையில் பாடுகிறவனை எல்லாருக்கும் தெரியும், ட்ரம்ஸ் அடிக்கிறவனைப் பிள்ளைகளுக்குத் தெரியும், பேஸ் வாசிக்கிறவனோ பின்னால் ஸ்பீக்கர் பெட்டியோடு பெட்டியாக நிற்பான். அவன் வாசிப்பது காதில் விழுவதைவிட வயிற்றில்தான் அதிகம் விழும். அவன் நிறுத்தினால் மட்டும், என்ன குறைந்தது என்று தெரியாமலே சனங்கள் நாற்காலியில் நெளிவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதைத் தவிர வேறு கைதட்டல் கிடையாது.

“தந்தி மாத்தி எத்தன வருஷம் ஆச்சு அண்ணாச்சி?” என்பான் சுடலைக்கண்ணு. “அந்த அழுக்கச் சுரண்டினா ஒரு நேரத்துக்குக் கொழம்பு வைக்கலாம் போலுக்கு.”

“அந்த அழுக்குலதாம்ல சத்தமே இருக்கு,” என்பார் கஸ்பார். அவருடையது ஜப்பானில் செய்த பழைய பேஸ். ஒரு தடவை கழுத்து ஒடிந்து, தோணி கட்டுகிற ஆசாரி ஒட்டிக் கொடுத்தது. “புதுத் தந்தி கணீர்னு கேக்கும். பேஸுக்கு எதுக்குல கணீரு?”

“எங்கிட்ட அஞ்சு தந்தி. ஒங்க ரெண்டு பேருக்கும் நாலுதான்.”

“பாட்டரி போட்டாதான அது பேசும்?” என்பான் தொபியாஸ். “பேஸால அது, டார்ச் லைட்டால? ஆறுமுகநேரிக் கல்யாணத்துல பாட்டரி செத்து, வெறும் தந்தியத் தடவிக்கிட்டு நின்னியே, ஊரே பாத்துச்சு.”

“ஊரு பாக்கல. ஊரு என்னைக்கு பேஸப் பாத்துருக்கு?”

தொபியாஸ் மச்சாதுவிடம் இருந்தது வயலின் மாதிரி இடுப்பு ஒடுங்கிய பேஸ், தோளில் மாட்டினால் மாட்டினதே தெரியாது. காற்று நன்றாக இருக்கும் மாதங்களில் அவன் தோணியில் வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போவான். கடல் மூர்க்கமாகித் தோணிகள் கரையில் கிடக்கும் மாதங்களில் மேடை ஏறுவான்.

மூவருக்கும் பொதுவான ஒரே பெருமை கஸ்பாருடைய வால்வு ஆம்ப், கிடார்ச் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி. பயணிகள் கப்பல் ஒன்றின் நடனக் கூடத்துச் சாமான்களோடு துறைமுக ஏலத்தில் வந்தது அது. தூக்க இரண்டு ஆள் வேண்டும். முகப்பில் பெயர்ப்பலகை பிய்ந்து போயிருந்ததால் அது இத்தாலிக்காரன் செய்ததா, இங்கிலீஷ்காரன் செய்ததா என்று ஞாயிறு தவறாமல் சண்டை நடக்கும். அதற்கு இரண்டு சுவிட்சு. முதலாவதைப் போட்டால் உள்ளே வால்வுகள் மெல்லச் சிவக்கும். கொஞ்சம் பொறுத்து இரண்டாவதைப் போட்டால்தான் சத்தத்துக்கு வழி திறக்கும். இடையில் உள்ள அந்தக் காத்திருப்பில் மூவரும் பேசமாட்டார்கள், கோயிலில் மணி அடிக்கப்போகும் நேரம்போல நிற்பார்கள்.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில், யாருடைய பேஸ் அந்த ஆம்பில் நன்றாகப் பேசும் என்ற வழக்கைத் தீர்த்துவிடுவது என்று முடிவாயிற்று. கஸ்பார் வாசித்தார். சுடலைக்கண்ணு வாசித்தான். தொபியாஸ் தன்னுடையதைச் செருகி அடித்தந்தியை, எங்கும் அழுத்தாமல், வெறுமனே ஒரு தட்டுத் தட்டினான். கொட்டகையின் தகரம் அதிரவில்லை, டீ கிளாஸ் ஆடவில்லை, ஆனால் மூவருக்கும் உள்ளங்காலிலிருந்து ஏதோ ஏறியது. அந்த நேரம் பார்த்துத் தெருவிலிருந்து ஒரு குரல்: “தொபியாசு! தண்டல் கூப்பிடுதாரு! காத்து திரும்பிடுச்சு, இப்பவே பாய் தூக்கணுமாம்!” தண்டல் என்றால் தோணியை நடத்துகிறவர், அவர் கூப்பிட்டால் கையில் இருக்கும் சோற்றை உதறிவிட்டுப் போகவேண்டும்.

பேஸ் வாசிக்கிற எவனும் எழுப்பின ஸ்வரத்தை உள்ளங்கையைத் தந்திமேல் வைத்து மூடிவிட்டுத்தான் கையை எடுப்பான். மூடாமல் விட்டால் ஆம்ப் முனகிக்கொண்டே கிடக்கும், அடுத்த பாட்டுக்குள் போய் அது கெடுக்கும். விரல் வைப்பதற்கு முன்னாலேயே இந்தத் தொழிலில் பழகுவது அதைத்தான். தொபியாஸ் அன்று மூடவில்லை. பேஸை ஆம்பின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் ஓடினான்.

“ஏலேய், மூடிட்டுப் போல!” என்று கத்தினார் கஸ்பார்.

“வந்து மூடுதேன் அண்ணாச்சி!” என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனான் அவன்.

கஸ்பார் தந்தியின்மேல் உள்ளங்கையை வைத்தார். தந்தி நின்றது, ஸ்வரம் நிற்கவில்லை. இரண்டாவது சுவிட்சை அணைத்தார், முதலாவதை அணைத்தார், பிளக்கைப் பிடுங்கினார், துணியைச் சுற்றி வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஸ்வரம் கொட்டகையை விட்டு வெளியே போய், ஐஸ் கம்பெனி வாசலிலிருந்து கோயில் படிவரைக்கும் தெருவின்மேல் பந்தல் போட்டதுபோலப் பரவி நின்றுகொண்டது. தெரு முனையைத் தாண்டி ஓர் அடி வைத்தால், நிழலிலிருந்து வெயிலுக்கு வந்தமாதிரி அது இல்லை. திரும்பி உள்ளே வந்தால் இருந்தது.

முதலில் எங்கோ லாரி உறுமுகிறது என்று நினைத்தார்கள், பிறகு கப்பல் என்று நினைத்தார்கள், பிறகு நினைப்பதை விட்டுவிட்டார்கள். மின்வாரியத்து லைன்மேன் ஒருவர் வந்து பிடுங்கிக் கிடந்த பிளக்கைப் பார்த்து, “இதுல கரண்டே இல்லையே, எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல,” என்று ஒரு கலர் குடித்துவிட்டுப் போனார். பங்குச்சாமி வந்து தீர்த்தம் தெளித்தார். ஆனால் அடுத்த ஞாயிறு, என்றைக்கும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற பாடகர் குழு ஒரே சுருதியில் பாடியதைக் கேட்டபிறகு தீர்த்தத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வரவில்லை. கோயில் மணியோ, அந்த ஸ்வரத்துக்கென்றே வார்த்ததுபோல, வீட்டின்மேல் மாடி உட்காருவதுபோல அதன்மேல் உட்கார்ந்தது. பெண்கள் அரிசியை முறத்தில் பரப்பிக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரும்போது கல் ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. குடத்துத் தண்ணீரில் வட்டம் வட்டமாக நடுக்கம் ஓடியது, அந்தத் தண்ணீர் குளிர்ந்தும் இருந்தது. கட்டிலில் மூட்டைப்பூச்சிகள் குடும்பத்தோடு வெளியேறி அடுத்த தெருவுக்குப் போயின, அடுத்த தெருக்காரர்கள் வந்து சண்டை போட்டார்கள். தொட்டிலை ஆட்டாமல் பிள்ளைகள் தூங்கின. ஐஸ் உடைக்கிற லாசர், பிறந்ததிலிருந்து திக்கியவன், வார்த்தைகளை அந்த ஸ்வரத்தின்மேல் சாய்த்து வைத்துத் திக்காமல் பேசினான், பேசக் கிடைத்ததும் பல வருஷமாகத் திட்டாமல் வைத்திருந்த கடன் எல்லாவற்றையும் ஒரே நாளில் திட்டித் தீர்த்தான். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனவர்கள் காலுக்குக் கீழே எதுவோ இல்லாததுபோலத் தூக்கம் வராமல் பாதியில் திரும்பினார்கள். மற்றத் தெருக்களிலிருந்து கிடாரைத் தூக்கிக்கொண்டு சுருதி சேர்க்க வந்தார்கள். சுடலைக்கண்ணு தன் ஐந்து தந்தியை ஒரு கைலியில் சுற்றி சைக்கிளில் வைத்துக்கொண்டு வாரந்தோறும் வந்தான். “இனிமே பாட்டரியே வேண்டாம் அண்ணாச்சி,” என்றான். “மச்சாது வீட்டுக் கரண்டு போதும்.”

அதே வாரம் கிளம்பின மற்றத் தோணிகள் திரும்பி வந்தன. தொபியாஸ் போன தோணி வரவில்லை.

தோணி முதலாளி மாலத்தீவுக்குப் பேசிப் பார்த்தார். அங்கே போய்ச் சேரவே இல்லை என்றார்கள். தவக்காலம் தொடங்கி, குருத்தோலை ஞாயிறு வந்து, ஈஸ்டரும் போயிற்று. காணாமல் போன மற்றவர்களின் வீடுகளில் கறுப்புக் கட்டி, ஆன்ம இளைப்பாற்றிப் பூசை வைத்துவிட்டார்கள். தொபியாஸின் மனைவி ஜெசிந்தா மட்டும் சம்மதிக்கவில்லை. பாடகர் குழுவில் முன்னால் நின்று பாடுகிறவள் அவள். பங்குச்சாமி வீட்டுக்கே வந்து பேசியபோது அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அந்தத் தண்ணீரில் ஓடுகிற நடுக்கத்தைக் காட்டினாள்.

“வந்து மூடுதேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு சாமி. மூடாம இருக்கும்போது நீங்க எதுக்குப் பூச வைக்கப் போறீங்க?”

அதற்குப் பிறகு தெருவில் யாரும் அதை ஸ்வரம் என்று சொல்லவில்லை. தொபியாஸ் என்றார்கள். காலையில் கதவைத் திறக்கிறவர்கள், “தொபியாசு இருக்கானா?” என்று கேட்டார்கள், “இருக்கான்,” என்று எதிர்வீட்டிலிருந்து பதில் வந்தது. ஜெசிந்தாவுக்கு அது போதவில்லை. பாடுகிறவளுடைய காது அவள் தொண்டைக்குள்ளேயே இருக்கும், வெளியில் இருப்பதைத் தனியாகக் கேட்க வராது என்று கஸ்பாரே அவளிடம் ஒருமுறை சொல்லியிருந்தார். ஆகவே தினமும் காலையில் கொட்டகை வாசலில் வந்து நிற்பாள்.

“அண்ணே, எப்படி நிக்கு?”

கஸ்பார் வால்வு இல்லாத அந்த ஆம்பின் மரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். “சரியா நிக்கும்மா,” என்பார். அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு மீன் வாங்கப் போவாள். அந்த இரண்டு வார்த்தையில் அவளுடைய ஒரு நாள் இருந்தது.

இனி வருவதுதான் அந்த இடம்.

புன்னைக்காயலில் ஒரு கல்யாணம். பாடுகிறவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அப்படிப்பட்ட நாளில் குழு முழுக்க அரைக் கட்டை இறக்கி வாசிப்பது வழக்கம். கஸ்பாரும் தந்திகளைத் தளர்த்தி வாசித்தார். நல்ல மழை. நனைந்துபோய்த் திரும்பி வந்து, பேஸை எப்போதும் போலக் கொட்டகையில் ஆம்பின்மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். காலையில் ஸ்வரம் ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. ஒரு தடவை கஸ்பார் சொன்னது: முதல் வேலையாகத் தந்திகளைப் பழைய இடத்துக்கு ஏற்றி, பிறகு ஸ்வரத்தோடு ஒத்துப் பார்த்தார், ஸ்வரம் கீழே இருந்தது, அதனால் தந்தியை அதற்கு இறக்கினார். இன்னொரு தடவை சொன்னது: தந்தியை ஏற்றவே இல்லை, ராத்திரி முழுக்கத் தளர்ந்த தந்தியோடு பேஸ் அங்கே சாய்ந்திருந்தது, காலையில் பார்த்தால் ஸ்வரம் தந்தியை நோக்கி வந்திருந்தது. மூன்றாவது தடவை டீ வந்துவிட்டதா என்று பார்த்தார்.

அன்று காலை ஜெசிந்தா வந்து நின்றாள். “எப்படி நிக்கு அண்ணே?”

“சரியா நிக்கும்மா.”

சொல்லிவிட்டார். சொன்னதை மெய்யாக்க வேண்டியிருந்தது. பாடகர் குழுவின் கிடாரைச் சரிபார்ப்பதாக வாங்கித் தளர்த்தினார். ஆர்மோனியத்தைத் திறந்து, பித்தளை நாக்குகளின் அடிப்பக்கத்தை மெல்லிய அரத்தால் சுரண்டினார். அப்படிச் சுரண்டினால் சுருதி இறங்கும். சில நாள் கழித்து ஸ்வரம் மறுபடியும் இறங்கியது, மறுபடியும் எல்லாவற்றையும் இறக்கினார். எல்லாம் சேர்ந்து இறங்கும்போது எதுவும் இறங்கினதாகத் தெரியாது. பாடுகிறவர்கள் தங்களை அறியாமல் இறக்கிப் பாடினார்கள், மீன் ஏலக்காரன் இறக்கி ஏலம் போட்டான், தொட்டிலருகே தாய்மார்கள் இறக்கித் தாலாட்டினார்கள், தெருவே ஒரு தோணியைப்போல, உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாமல், தண்ணீரில் தாழ்ந்துகொண்டிருந்தது.

தாழாதது மணி ஒன்றுதான். வார்த்த உலோகத்தைத் தளர்த்தமுடியாது. மணி அடிக்கும்போதெல்லாம் பற்கூச்சம் போல ஒன்று தெருவில் ஓடியது. “உப்புக் காத்துல மணி கெட்டுப்போச்சு சாமி, விரிசல் விட்ரும்,” என்று பங்குச்சாமியிடம் சொல்லி, மணியின் நாக்கைச் சுற்றி கயிறு கட்டினார் கஸ்பார். மணி இருமல் போலத் தொக் தொக் என்று அடித்தது. ஏணியிலிருந்து இறங்கியவரைப் பங்குச்சாமி தோளில் கைவைத்து நிறுத்தினார்.

“கஸ்பார், எனக்குச் சங்கீதம் தெரியாது. நீ சொல்லு. அது நிக்குதா, எறங்குதா? எறங்குதுன்னா நான் அந்தப் பிள்ளைகிட்டப் பேசியாகணும்.”

“நிக்கு சாமி.”

பொய்யைக் கண்டுபிடித்தது சுடலைக்கண்ணு. அவன் வெளியூர்க்காரன், பாய்மரத் தெருவில் சுருதி சேர்த்துக்கொண்டு போய் மேடை ஏறினால் குழுவின் கீபோர்டோடு அவன் பேஸ் ஒட்டவில்லை. அந்த ஞாயிறு கொட்டகைக்கு வந்தவன் சைக்கிளை ஸ்டாண்டு போடாமலே சொன்னான்:

“அண்ணாச்சி, ஒங்க தெரு கீழ போய்க்கிட்டிருக்கு.”

“மெதுவாப் பேசுல.”

சுடலைக்கண்ணு சட்டைப்பையிலிருந்து சுருதி பார்க்கிற சின்ன மிஷினை எடுத்து மேசைமேல் வைத்தான். அதன் முள் இடது பக்கம் சாய்ந்து கிடந்தது. “முக்கால் கட்டை எறங்கியிருக்கு. மிஷின் பொய் சொல்லாது.”

“மிஷினுக்கு அந்தப் பிள்ள காலைல வந்து நிக்கது தெரியுமால?”

“அதுக்காக? எல்லாத்தையும் எறக்கிக்கிட்டே போவீயளா? எங்கவரைக்கும்? கடைசில காதுக்கே கேக்காத எடத்துக்குப் போயிரும். அன்னைக்கு என்ன சொல்லுவீய?”

கஸ்பார் மிஷினை எடுத்து, அணைத்து, அவன் பையிலேயே திரும்ப வைத்தார். “பேஸ் வாசிக்கிறவன் வேல என்னல? மேல இருக்கவனுக்குத் தான் தடுமாறுதது தெரியாமப் பாத்துக்கிடணும். அவ்வளவுதான். அததான் பண்ணுதேன்.”

“பாட்டுன்னா சரி,” என்றான் சுடலைக்கண்ணு. அன்று டீ குடிக்கவில்லை.

அந்தோணியார் திருவிழா வந்தது. கொடியேற்றத்தன்று மணியை மூடி வைக்க முடியாது; காலங்காலமாக அன்று மணி வாய்விட்டு அடித்தால்தான் கொடி ஏறும். கஸ்பார் விரிசலைப் பற்றி மறுபடியும் பேசிப் பார்த்தார். கோயில் உபதேசியார் கேட்டுக்கொள்ளாமல் ஏறிக் கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டார். சாயங்கால வெயிலில் தெரு முழுக்கக் கொடிமரத்தைச் சுற்றி நின்றது. ஜெசிந்தா வெள்ளைச் சேலையில் முன்னால் நின்று பாடத் தொடங்கினாள், குழு பின்னால் சேர்ந்துகொண்டது, கீழே தொபியாஸ் நின்றான், எல்லாம் பொருந்தியிருந்தது, கஸ்பார் பேஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மணிக்கூண்டைப் பார்த்தார்.

மணி அடித்தது.

மேலே, வெகு மேலே, வேறொரு ஊரிலிருந்து வருவதுபோல அடித்தது. குழு ஒவ்வொருவராக வாயை மூடியது. ஜெசிந்தா கடைசியாக நிறுத்தினாள். மணியின் ஓசைக்கும் தெருவின் ஸ்வரத்துக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை, ஆழம் பார்ப்பவள் போலத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு கஸ்பாரைத் திரும்பிப் பார்த்தாள்.

“எப்பலேர்ந்து அண்ணே?”

அவர் பார்வை தளர்ந்த தந்திகளுக்குப் போயிற்று.

அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எல்லாரும் நின்றார்கள். அவள் உபதேசியாரைப் பார்த்து, “மணிய நிறுத்தாதீங்க,” என்றாள். தெருவைப் பார்த்து, “தூக்குங்க,” என்றாள்.

எதை என்று யாரும் கேட்கவில்லை. மணி விடாமல் அடித்தது. அவள் மணியின் ஓசையைப் பிடித்துக்கொண்டு பாடினாள், குழு கழுத்து நரம்பு புடைக்கப் பின்னால் ஏறியது, ஏலக்காரன் ஏலக் குரலில் ஏறினான், லாசர் ஐஸ் குத்துகிற கம்பியால் இரும்பு வாளியைத் தட்டினான், வீட்டுக்குள் கிடந்த கிழவர்கள்கூடக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து முனகினார்கள். திருவிழாவுக்கு வந்திருந்த சுடலைக்கண்ணு கொட்டகைக்குள் ஓடி மேசைமேல் கிடந்த வால்வுகளைச் செருகி, பிளக்கை மாட்டி, முதல் சுவிட்சைப் போட்டு, சிவக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்று, இரண்டாவதைப் போட்டுத் தன் ஐந்து தந்தியை அதில் செருகினான். கஸ்பார் ஒரு கையால் தந்தியைத் தட்டிக்கொண்டே மறு கையால் முறுக்காணியைத் திருகினார். கிடார்த் தந்திகள் அறுந்து பிள்ளைகளின் கன்னத்தில் கீறின, யாரும் நிறுத்தவில்லை. ஸ்வரம் அசைந்தது. சேற்றில் புதைந்த தோணியை ஊரே கயிறு கட்டி இழுக்கும்போது முதலில் ஒரு விரற்கடை நகருமே, அப்படி அசைந்தது. பிறகு ஏறியது. குடங்களில் தண்ணீர் விளிம்புக்கு எழும்பியது. மயிரிழை மயிரிழையாக ஏறி, மணிக்குக் கீழே வந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், என்று சனங்கள் பெருவிரலில் எழும்பி நிற்க, மணியின்மேல் போய்ச் சரியாகப் பொருந்தியது.

பொருந்திய அந்தக் கணத்தில் நின்றது. தேய்ந்து தேய்ந்து அல்ல. யாரோ உள்ளங்கையை வைத்தமாதிரி நின்றது.

சுவரில் சாய்ந்திருந்தவர்கள் சுவரை எடுத்ததுபோலத் தடுமாறினார்கள். மாதக்கணக்கில் தூங்கப் பழகிய பிள்ளைகள் ஒரே நேரத்தில் வீறிட்டன. லாசர் ஏதோ சொல்ல வாயெடுத்து, முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டான்.

“மூடிட்டாரு,” என்றாள் ஜெசிந்தா.

எல்லாரும் தெரு முனையைத் திரும்பிப் பார்த்தார்கள். வந்து மூடுகிறேன் என்றுதானே சொல்லிப் போனான். முனையில் வெயில் மட்டும் கிடந்தது. இருட்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆடி முடிவதற்குள் தோணியின் பண்டாரி, சமையல்காரன் எஸ்தாக்கி, எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். பாறையில் மோதித் தோணி உடைந்ததையும், மணல்திட்டு ஒன்றில் சிலபேர் சிப்பி தின்று மழைத் தண்ணீர் குடித்துக் கிடந்ததையும், கடைசியில் மாலத்தீவு வள்ளம் ஒன்று பார்த்ததையும் சொன்னான். தொபியாஸுக்குக் காலில் புண், காய்ச்சல்.

“ராவும் பகலும் ஒரே சத்தமா முனகிக்கிட்டே கெடந்தான். வாயாவது ஓயட்டுமேலன்னு சொன்னேன். ‘தெருவுல ஒண்ண மூடாம வந்துட்டேன், விட்டா விழுந்துரும்’னான். போகப்போகச் சத்தம் கீழ எறங்கிருச்சு. ஒருநா, பொழுது சாயிற நேரம், விருட்டுனு எந்திரிச்சு உக்காந்தான், யாரோ கக்கத்துல கையக் குடுத்துத் தூக்கின மாதிரி. சத்தம் மேல மேல ஏறிச்சு. இவ்வளவு தெம்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாக்கோம். அப்புறம் உள்ளங்கைய நெஞ்சுல வச்சான். அவ்வளவுதான்.”

“மொகம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

“மேடைல பாட்டு முடிஞ்சா நிப்பானே, அப்படி.”

அவள் தலையை ஆட்டினாள். அடுத்த நாள் தானே போய்ப் பங்குச்சாமியிடம் பூசைக்குச் சொன்னாள். கஸ்பாரிடம் ஒரு குற்றமும் சொல்லவில்லை; எதிரே வந்தால் “சாப்பிட்டீங்களா அண்ணே?” என்று கேட்டுவிட்டுப் போவாள். எப்படி நிக்கு என்று கேட்பதற்குப் பதிலாக வந்த கேள்வி அது, அதற்கும் அவருக்கு இரண்டு வார்த்தைதான் பதில்.

எஸ்தாக்கியைத் தனியாகக் கூட்டிப்போய் கஸ்பார் ஒன்று விசாரித்தார்: முனகல் எப்போது இறங்கத் தொடங்கியது? “அங்க ஏது அண்ணாச்சி கெழமையும் தேதியும்? ஒருநா ராத்திரி பேய்மழை. அதுக்கு அப்புறந்தான்னு நெனைக்கேன். முந்தியாவும் இருக்கலாம்.”

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து கொட்டகையில் கூடுகிறார்கள். சுடலைக்கண்ணுவுக்குத் தலை நரைத்துவிட்டது, பாட்டரியை மட்டும் மறக்காமல் மாற்றுகிறான். ஆம்ப் இத்தாலிக்காரனுடையதுதான் என்று அவன் இன்னும் சாதிக்கிறான். வயலின் இடுப்பு பேஸ் ஜெசிந்தா வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. கஸ்பார் பழைய தந்தியை மாற்றவில்லை. வாசிக்கிறார், ஒவ்வொரு ஸ்வரத்தையும் உள்ளங்கையால் மூடுகிறார், மூடிய பிறகும் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருக்கிறார்.

போன ஞாயிறு சுடலைக்கண்ணு டீ சொல்ல வெளியே போயிருந்தான். கஸ்பார் முதல் சுவிட்சைப் போட்டுவிட்டு வால்வுகள் சிவப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் பேசக்கூடாத அந்த நேரத்தில், இத்தனை வருஷம் என் தொண்டைவரை வந்து திரும்பிப்போன கேள்வி வெளியே வந்துவிட்டது:

“அண்ணாச்சி, அன்னைக்கு மொதல்ல எறங்கினது எது? அதுவா, ஒங்க தந்தியா?”